கொடியசைத்தால்தான் வண்டி கிளம்பும்

கண் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வார்டுச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள், போதாதென்று உங்கள் கைப்பேசியில் காணொளியும் ஓடுகிறது. நான் கண் அறுவை அரங்கில் செவிலியராகச் சேர்ந்து, பொறுப்புச் செவிலியராகி, ஓய்வு பெற்றவள். எந்த விதிமுறையைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அந்தத் திறமையால் மட்டும் ஒரு கண்ணைக் காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை. கண்ணைக் காப்பாற்றுவது வேறு ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியாததால் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது இது. பாகூரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. மாதம் ஒரு கூட்டம், கூட்டம் தொடங்க ஒரு மணி, மணியடிக்க ஒரு தலைவர். தலைவருக்கு சிமென்ட், கம்பி வியாபாரம். பொருளாளருக்கு மருந்துக்கடை. கெட்ட மனிதர்கள் இல்லை. நல்லது செய்யவேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருந்தது. அதைப் புகைப்படத்தில் செய்யவேண்டும் என்ற ஆசை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் கண்புரை அறுவை சிகிச்சை பற்றி ஒரு டாக்டர் பேசுவார். சில வாரங்களுக்கு முன் சங்கம் நடத்திய முகாமில் ஆபரேஷனுக்குத் தேர்வான சுற்றுவட்டாரக் கிராமத்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் கொடியசைக்க, அவர்களை ஏற்றிக்கொண்டு வேன் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். மறுநாள் இலவச ஆபரேஷன். இதற்கு நடுவில் எங்கேயோ எனக்கு ஒரு பொன்னாடை. இதுதான் திட்டம்.

பேச வந்த டாக்டரை அவர் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஆபரேஷனில் கை சுத்தம், பேச்சுதான் நீளம்.

திட்டத்தில் ஒன்று மட்டும் பிசகியது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. வருவார், வந்துகொண்டே இருக்கிறார், புறப்பட்டுவிட்டார் என்று மூன்று விதமாகத் தகவல் வந்ததே தவிர, ஆள் வரவில்லை. காத்திருந்த நேரத்தில், நான் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பு, இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. இரண்டையும் பிறகுதான் கேட்டறிந்தேன்.

முதலாவது, கறுப்புக் கண்ணாடி. அது ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுப்பது. இங்கே ஆபரேஷன் ஆகாதவர்களுக்கு முன்கூட்டியே மாட்டிவிட்டிருந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் மாட்டினால் விருந்தினரோடு படம் எடுக்க முடியாதே.

இரண்டாவது, சொட்டு மருந்து. ஆஸ்பத்திரிக்குப் போனதும் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் மருந்து விடவேண்டும். அதை மண்டபத்திலேயே விட்டுவிட்டால் நேரம் மிச்சம் என்று தலைவர் யோசித்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பெண் விட்டிருக்கிறாள். விருந்தினர் தாமதமானதும், "இன்னொரு ரவுண்டு போட்டுடும்மா, அதுக்குள்ள பவர் எறங்கிடப் போவுது" என்றிருக்கிறார். மேடைக்குச் சொந்தக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதானே வழக்கம். அவளும் இன்னொரு சுற்று விட்டிருக்கிறாள்.

பெரும்பாலான கண்களுக்கு அந்த மருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் புரை முற்றி உப்பிப்போன கண்ணில், உள்ளே ஊறும் நீர் வெளியேறுகிற வழி ஏற்கனவே இறுகியிருக்கும். கண்மணி விரிந்தால் அந்த வழி ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், சில மணி நேரத்தில் பார்வை நரம்பு சாகத் தொடங்கும். செத்த நரம்பை எந்த ஆபரேஷனும் திருப்பிக் கொடுக்காது. முகாமில் பார்த்த நாளில் சரியாக இருந்த கண், இடைப்பட்ட வாரங்களில் உப்பியிருக்கலாம். அதனால்தான் மருந்து விடும் முன் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அன்று மண்டபத்தில் யாரும் அடித்துப் பார்க்கவில்லை.

விருந்தினர் வரும்வரை டாக்டர் பேசட்டும் என்று முடிவாயிற்று. படம் காட்ட விளக்குகளை அணைத்தார்கள். திரையில் ஒரு கண் ஆளுயரத்துக்கு விரிந்தது. மேடையில் இருந்த எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரையைப் பார்த்தார்கள். எனக்கு ஆயிரம் தடவை பார்த்த கண் அது. திருப்பாமல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை வெளிச்சத்தில் முன்வரிசை தெரிந்தது. எல்லார் முகமும் நிமிர்ந்திருக்க, ஓரத்து நாற்காலியில் ஒரு பெண்மணி மட்டும் குனிந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. நெற்றியின் இடது பக்கத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு, சங்கம் கொடுத்த அன்பளிப்புப் பையை மடியில் விரித்து, பக்கத்து ஆளுக்குக்கூடத் தெரியாமல் அதற்குள் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தார். பையை மடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாந்தி வந்தவர் எழுந்து வெளியே ஓடுவார். இவர் மறைக்கிறார். மேடையை விட்டு இறங்கினேன்.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். "உங்க பேரு இன்னாம்மா?"

"அஞ்சலை. சேலியமேடு."

"இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். காலையில ஒண்ணும் துன்னாம வந்துட்டேன். பித்தம்."

"கண்ணு வலிக்குதா?"

"கண்ணு நல்லாக்கீது சிஸ்டர். தலதான் லேசா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக வரும் பதிலை நம்பாதீர்கள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கண்ணில் விழிக்குப் பதில் வெள்ளைத் தழும்பு. சிறு வயதில் கரும்புத் தோட்டத்தில் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, கீறியது என்றார். அப்போதே போன கண். மிச்சமிருந்தது இடது கண் ஒன்றுதான். அது செக்கச்செவேலென்று இருந்தது. கருவிழி, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது.

"விளக்கப் பாத்தா சுத்திலும் கலர் கலரா வட்டம் தெரியுதா?"

முந்தானையை நெற்றியில் இன்னும் அழுத்திக்கொண்டார். பதிலுக்கு என்னைக் கேட்டார். "தெரியுதுன்னு சொன்னா கழிச்சுடுவீங்களா சிஸ்டர்?"

முகாமுக்குப் போயிருக்கும் உங்களுக்குப் புரியும். கழிப்பது என்றால், ஆபரேஷனுக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவது. போன வருடம் சர்க்கரை என்று அவரைக் கழித்திருக்கிறார்கள். அதற்கு முன்பு ரத்த அழுத்தம் என்று கழித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் விதிப்படிதான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வெள்ளைக் கோட்டிடம் உடம்பைப் பற்றி உண்மை சொன்னால் பஸ் ஏற்றி விட்டுவிடுவார்கள்.

"நான் ரிட்டயர் ஆனவம்மா. ஒருத்தரையும் கழிக்கிற அதிகாரம் எனக்கில்ல. பொன்னாடை வாங்க வந்தவ."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். இரண்டாவது தடவை மருந்து விட்டதிலிருந்து வலி. கண்ணுக்குள் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி. "இப்போ ஒரே பொகையா கீது சிஸ்டர். உங்க மூஞ்சே தெரில."

இமையை மூடச்சொல்லி இரண்டு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கடியில் கோலிக்குண்டு.

அதற்குள் யாரோ மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கையில் ஊசியோடு வந்துவிட்டார். நல்ல மனம், அதைவிட நல்ல வேகம்.

"வாந்திக்கும் வயித்துப் பிடிப்புக்கும் சேத்து ஒரு ஊசி, சிஸ்டர். அஞ்சு நிமிசத்துல எழுந்து குந்திக்கும்."

"அண்ணே, அது வேணாம். வயித்துப் பிடிப்பு ஊசி கண்மணிய இன்னும் விரிச்சுடும். இவங்களுக்கு வயித்துல ஒண்ணுமில்ல, கண்ணுலதான்."

"வாந்தி கண்ணுலேர்ந்தா வருது? நானும் மருந்துக்கடதான் வெச்சிருக்கேன் சிஸ்டர், மளிகக்கட இல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த இடத்தில் அவரை மட்டம் தட்ட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்ல வாக்கியம் ஒன்று தயாராகவும் இருந்தது. விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், கடைச் சாவியோடு.

"மருந்துக்கடன்றதாலதான் கேக்குறேன். கண் அழுத்தத்தைக் கொறைக்கிற மாத்திரையும் சொட்டும் உங்ககிட்டதான் இருக்கும். இந்த ஊர்ல வேற யாருகிட்டப் போவேன்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஊசியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பேரு சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம் ஓடினார்.

நான் சுவர்ப் பக்கம் போய் எல்லா விளக்கையும் போட்டேன். திரையில் இருந்த கண் வெளிறிப்போனது. "யார்யா அது லைட்டப் போட்டது?" என்று தலைவர் சத்தம் போட்டார். டாக்டர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி திரும்பினார்.

"சார். ஒத்தக் கண்ணு. கல்லா இருக்கு."

பாதி வாக்கியத்தில் ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். அவருடைய பேச்சு நீளத்தைப் பற்றி நான் சொன்னதை இந்த ஒரு காரியத்துக்காகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

அஞ்சலையின் மகன் ஏழுமலை கடைசி வரிசையிலிருந்து ஓடிவந்தான். டாக்டர் அவனிடம் கேட்கவேண்டியதைக் கேட்டார்: மூச்சிழுப்பு உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா. இல்லை என்றான். மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சொட்டு விட்டோம். மாத்திரை கொடுத்தோம். விழுங்கிய வேகத்தில் மாத்திரை வெளியே வந்தது. இனி ரத்தக்குழாய் வழியாகத்தான் மருந்து ஏற்றவேண்டும். அது ஆஸ்பத்திரியில்தான் முடியும். டாக்டர் போன் செய்து எல்லாவற்றையும் தயாராக வைக்கச் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். டாக்டரின் கார், வரவேற்பு வளைவுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் பின்னால் சிறைப்பட்டிருந்தது.

உடனே கிளம்பக்கூடியது, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வேன் ஒன்றுதான். பக்கவாட்டில் விருந்தினர் படம் போட்ட பேனர், முன்னால் மாலை, குறுக்கே ரிப்பன். அஞ்சலையைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனோம். டிரைவர் இருக்கையை விட்டு இறங்கி நின்றுகொண்டார்.

"கொடி அசைக்கலியே சிஸ்டர். தலைவரு சொல்லாம எடுக்க மாட்டேன். போன தபா அப்படி எடுத்துட்டு நான் வாங்குன பேச்சு எனக்குத்தான் தெரியும்."

தலைவர் வந்தார். "சிஸ்டர், பத்தே நிமிசம். கெஸ்டு கன்னியக்கோயில் தாண்டிட்டாரு. அவரு வர்ற நேரம் வண்டி இல்லன்னா என் மானம் போயிடும்."

"அந்தம்மாவுக்குக் கண்ணு போயிடும்" என்றார் டாக்டர்.

"வாந்தி எடுத்தா கண்ணு போயிடுமா டாக்டர்? இன்னா பேசுறீங்க? ஏதோ தல சுத்துது. ஒரு சோடா குடுத்தா செரியாப் பூடும்."

டாக்டர் கத்தத் தொடங்கினார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அவர் கத்தக் கத்த, தலைவர் வேன் கதவில் சாய்ந்து நன்றாக நின்றுகொண்டார். பின்னால் சங்கத்து ஆட்கள் கூடினார்கள். ஏழுமலை, "வழி வுடுய்யா" என்று சட்டையைப் பிடிக்கப் போனான். அடுத்த நிமிடம் அது கண் விஷயமாக இருந்திருக்காது, ஊர் விஷயமாகியிருக்கும். ஊர் விஷயம் முடிய மாலையாகும். அஞ்சலை படியில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல முனகிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த மனிதரின் நெஞ்சில் ஈரம் இல்லாமல் இல்லை. அவருக்குப் பயம். கொடியசைக்க வந்தவர் வெறும் தெருவைப் பார்த்துக் கொடியசைத்தால் என்ன ஆகும் என்ற பயம். பயந்தவரிடம் மருத்துவம் பேசிப் பயனில்லை. அவர் பயத்துக்கு முதலில் ஒரு மருந்து வேண்டும்.

ஏழுமலையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு முன்னே போனேன்.

"தலைவரே, மத்த எல்லாரும் இங்கதான இருக்காங்க. இவங்கள எறக்கி வுட்டதும் வேன் திரும்ப வந்துடும். கெஸ்டு வந்து, பேசி, மால போட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கும். அவரு அதத் துவக்கி வெக்கட்டும். ஆனா இது எமர்ஜென்சி வண்டி. இதத் துவக்கி வெக்கிறது சங்கத் தலைவரோட பொறுப்பு. வேற யாரும் செய்யக்கூடாது."

அப்படி ஒரு விதி எந்தச் சங்கத்திலும் கிடையாது. ஆனால் விதிமுறையை ஒப்பிக்கிற குரல் எனக்கு வாழ்க்கை முழுக்கப் பழகிய குரல். அதே குரலில் சொன்னேன்.

தலைவர் கதவிலிருந்து முதுகை எடுத்தார். "நானா?"

"கொடி எங்க? போட்டோ எடுக்கிறவரு எங்க?"

கொடி வந்தது. புகைப்படக்காரர் வந்தார். "ரிப்பன்?" என்று யாரோ கேட்டார். மருந்துக்கடைக்காரர் அதைக் கையாலேயே அறுத்தெறிந்தார். தலைவர் கொடியைத் தூக்குவதற்குள் அஞ்சலையோடு டாக்டரும் ஏழுமலையும் நானும் உள்ளே இருந்தோம். அவர் அசைத்து முடிப்பதற்குள் வண்டி தெருமுனையில் திரும்பியது. படம் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது.

ஏரியை ஒட்டிய குறுகலான இடத்தில், எதிரே ஹாரன் அடித்தபடி வரிசையாகக் கார்கள் வந்தன. எங்கள் டிரைவர் ஒதுங்கவில்லை. கொடியசைத்தாகிவிட்டது, இனி அவரைக் கேட்க ஆளில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் போனார். கார்கள்தான் மண்ணில் இறங்கி ஒதுங்கின. முதல் காரில் இருந்தவர் வேனின் பக்கவாட்டில் தன் படத்தைப் பார்த்துவிட்டு எங்களை நோக்கிக் கைகூப்பினார். நான் கைகூப்பவில்லை. ஒரு கையில் அஞ்சலையின் நெற்றி இருந்தது, மறு கையில் அவர் வாந்தி எடுக்கும் பை இருந்தது.

"கழிச்சுடுவாங்களா சிஸ்டர்?" என்று வழியில் இன்னொரு முறை கேட்டார். டாக்டர் முந்திக்கொண்டு, "மாட்டோம்மா" என்றார். அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நான் கூடவே இருப்பேன்" என்றேன். என்னால் கொடுக்க முடிந்த உறுதி அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. மருந்து ஏறியது. அழுத்தம் இறங்கியது. இறங்கியது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், ஆனால் நாங்கள் அதை அளந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பகல் முழுவதும். முதலில் இறங்க மறுத்தது, பிறகு கொஞ்சம், பிறகு நின்றுவிட்டது, திரும்பவும் கொஞ்சம். முனகல் அடங்கி அவர் தூங்கிய பிறகுதான் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண் சிவப்பு வடியக் காத்திருந்து, சில நாள் கழித்துப் புரையை எடுத்தார்கள். ஒற்றைக் கண், அதுவும் அழுத்தத்தில் அடிபட்ட கண்.  ஓய்வு பெற்றவளுக்கு அரங்குக்குள் இடமில்லை. நான் வெளியே ஏழுமலையோடு உட்கார்ந்திருந்தேன்.

கட்டு அவிழ்த்தபோது கூட இருந்தேன். அஞ்சலை கண்ணைத் திறந்தார். நேராக மகனைப் பார்த்தார். "இன்னாடா இப்படி தாடி வுட்டுக்கினு கீற? பொண்ணு குடுக்குறவன் பயந்து ஓடிடுவான்" என்றார். வார்டே சிரித்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. விரலை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். இடது ஓரத்தில் வெகுதூரம் வரும்வரை அஞ்சலைக்கு விரல் தெரியவில்லை. மறுபடி நகர்த்தினார். மறுபடியும் அப்படியே. நடுப்பார்வை பிழைத்திருந்தது, அந்த ஓரம் போய்விட்டது. அஞ்சலை மாடு இரண்டு வைத்துப் பால் ஊற்றுகிறவர். மாடு கறக்கலாம், மகன் முகம் பார்க்கலாம், ஆனால் சாலையைக் கடக்கும்போது அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரியாது. அதை மறைக்காமல் சொன்னார் டாக்டர். நன்றாகவே சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அன்னைக்கு வலி ஆரம்பிச்ச உடனே மருந்து போட்ட பொண்ணுகிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா, இதுகூடப் போயிருக்காதும்மா."

 அஞ்சலை தலையை நன்றாகத் திருப்பி என்னைத் தேடினார். நான் அவருடைய இடது பக்கத்தில் நின்றிருந்தேன்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க சிஸ்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு விதிமுறை தெரியும். தலைவலி, வாந்தி என்று சொல்கிறவர் அன்றைய பயணத்துக்குத் தகுதியில்லை. உடம்பு சரியான பிறகு அடுத்த முகாமுக்கு வரச் சொல்லவேண்டும். விருந்தினருக்குக் காத்திருந்த கூட்டத்தில், அதற்குமேல் ஒருவரும் யோசித்திருக்கப் போவதில்லை.

"கழிச்சிருப்பாங்க" என்றேன். "பஸ் ஏத்தி வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"அதான்" என்றார் அஞ்சலை. "வூட்டுல போர்த்திக்கினு படுத்திருப்பேன். மொத்தமாப் போயிருக்கும்."

டாக்டர் கையில் இருந்த டார்ச்சை அணைத்தார். நான் அந்த இடது பக்கத்தை விட்டு, அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றேன்.